அத்திரிபாச்சா: வாய்க்கதையைத் திரும்ப எழுதுவது குறித்துச் சில குறிப்புகள்

மாமியார் வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டை தின்ற மருமகன் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. தின்ற பண்டத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே அவன் ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு வாய்க்கால். ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லித் தாண்டுகிறான். தாண்டியபின் வாயில் இருப்பது அத்திரிபாச்சா மட்டும்தான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் ‘அத்திரிபாச்சா செஞ்சு குடு’ என்கிறான். அவளுக்கு அப்படியொரு பண்டம் தெரியாது. ‘ஒங்க ஆத்தா செஞ்சா, ஒனக்குத் தெரியாதா’ என்று அடிக்கிறான். நெற்றி புடைத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, ‘அடப்பாவி, கொழுக்கட்டை கணக்கா வீங்கிப்போச்சே’ என்கிறாள். ‘அதுதான், அதைத்தான் கேட்டேன்’ என்கிறான் மருமகன். எல்லோரும் சிரிக்கிறோம்.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களின் உலகக் கதைவகை அடைவில் இதற்கு 1687 என்று எண். ‘மறந்துபோன சொல்’ என்று தலைப்பு. 1910-இல் ஃபின்லாந்தின் ஆண்டி ஆர்னே தொடங்கி, அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் இரண்டுமுறை விரிவாக்கி, 2004-இல் ஹான்ஸ் யோர்க் ஊதர் திருத்தியமைத்த அடைவு அது. எண் கிடைத்துவிட்டால் கதை புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமது ஆய்வேடுகளில் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வாய்மொழி மரபு தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிற கதை இது. எழுதிவைத்துக்கொள்ள ஏதும் இல்லாதவன் ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரே வழி, அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது. அப்படிச் சொல்லும்போதே ஒரு தாண்டலில் அது வேறொன்றாகி விடுகிறது. மாறிவிட்டது என்று சொல்பவனுக்கே தெரிவதில்லை.

வாயிலிருந்து தாளுக்குப் போவதும் அப்படி ஒரு தாண்டல்தான். கல்லூரித் தமிழ்த்துறைகளில் படைப்பிலக்கியம் ஒரு பாடமாகவே வந்துவிட்ட காலம் இது. நாட்டார் கதையொன்றை எடுத்து ‘மறுபடைப்பு’ செய்து வா என்று மாணவர்களிடம் சொல்வது எளிதாகிவிட்டது. அவர்கள் செய்தும் வருகிறார்கள். அப்போது என்ன நடக்கிறது, எது தொலைகிறது, எது புதிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. பாம்பனை ஒட்டிய கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்து என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இரண்டாண்டுகள் இந்த வேலையைச் செய்துபார்த்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகங்களை முன்வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவளுக்குக் கதை சொன்னவள் அவளது அம்மாச்சி. இளவயதில் கடலில் பாசி எடுக்கப் போனவள்.

மாணவி எழுதிவந்த முதல் பிரதியில் மருமகனுக்கு ஒரு பெயர் இருந்தது. மனைவிக்கும் இருந்தது. ஊர் மண்டபம். மாதம் ஆடி, கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிறது. மருமகனின் மனதுக்குள் சிறுவயதுப் பசி பற்றிய ஒரு நினைவு ஓடுகிறது. நல்ல வாக்கியங்கள்தான். ஆனால் அது வேறு ஏதோ ஒரு சிறுகதையாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டு எழுதிப் பார் என்றேன். ‘பேரு இல்லாம எப்படி சார் எழுதுறது?’ என்றாள். அம்மாச்சியிடமே அவன் பேரைக் கேட்டு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டிருக்கிறாள். ‘பேரு என்னாத்துக்குத்தா? பேரு வச்சா அது எவனோ ஒருத்தன் கதையாப் போயிரும்ல’ என்றாளாம் கிழவி.

இதையேதான் ஏ. கே. ராமானுஜன் கன்னட வாய்மொழி மரபை ஆராய்ந்து 1986-இல் எழுதிய கட்டுரையில் வேறு மொழியில் சொன்னார். சங்கக் கவிதையியலின் அகம், புறம் என்ற பிரிவை அவர் நாட்டார் கதைகளுக்குக் கொண்டுபோனார். அடுப்படியில், சோறூட்டும்போது, பாட்டியோ அம்மாவோ சொல்லும் கதை அகம். அங்கே மாந்தர்களுக்குப் பெயர் கிடையாது. ஒரு ராசா, ஒரு கிழவி, ஒரு ஊர், அவ்வளவுதான். அதே கதை திண்ணைக்கும் தெருவுக்கும் மேடைக்கும் நகர நகரப் பெயர்கள் வந்து சேரும். ஊர், குலம், காலம் எல்லாம் வரும். அகத்திணையில் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளக் கூடாது என்ற தொல்காப்பிய விதியை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கொழுக்கட்டைக் கதைக்கும் அந்த விதி செல்லும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பெயரோடு போக வேண்டியது உள்மனம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் லூத்தி 1947-இல் எழுதிய ஐரோப்பிய நாட்டார் கதை பற்றிய நூலில், கதைமாந்தர்களின் ஆழமின்மையை ஒரு குறையாகப் பார்க்காமல் அந்த வடிவத்தின் இலக்கணமாகவே பார்த்தார். அவர்களுக்கு உள்ளே ஒன்றும் ஓடாது. சோகம் என்றால் அழுவார்கள், கோபம் என்றால் அடிப்பார்கள். உணர்வு செயலாகி வெளியே நிற்கும். புதுமைப்பித்தனிலிருந்து நாம் பழகிய சிறுகதை இதற்கு நேர் எதிரானது. அங்கே செயல் குறையும். உள்ளே ஓடுவதுதான் கதை. ஆகவே படைப்பெழுத்துப் பயிற்சியில் ‘விவரம் சேர், மனதைக் காட்டு’ என்று சொல்லித்தரும் பாடங்கள் எல்லாம் வாய்க்கதைக்கு முன்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. கற்றதை இறக்கிவைப்பது மாணவிக்குப் பெரிய பாடாக இருந்தது. ‘ஒன்னுமே எழுதாத மாதிரி இருக்கு சார்’ என்று இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

(இடையில் ஒன்று. விளாதிமிர் பிராப் 1928-இல் ருஷ்யக் கதைகளிலிருந்து கண்டெடுத்த 31 செயல்பாடுகளை ஒரு சாவிக்கொத்து மாதிரி எல்லாக் கதைப் பூட்டிலும் நுழைத்துப் பார்த்த ஆய்வேடுகள் நம்மிடம் ஏராளம். கதை எழுத வருகிறவருக்கு அதனால் கிடைப்பது குறைவு. பிராப்பே அதை மாயக் கதைகளுக்கு மட்டும்தான் சொன்னார். மூடன் கதைக்கும் கடல் கதைக்கும் சொல்லவில்லை.)

பெயரும் மனமும் போனபின் மிஞ்சுவது குரல். குரலைத் தாளில் எப்படி வைப்பது? அலைபேசியில் ஒரு கதையை ஒலிப்பதிவு செய்து, ஒன்றும் விடாமல் எழுதிவரச் சொன்னேன். இருமல், ‘எங்கன விட்டேன்’, நடுவில் பேரனை அதட்டியது எல்லாமே வரவேண்டும். ஆலன் டண்டஸ் 1964-இல் பிரதி, இழைவு, சூழல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசியதில் நம்மவர்கள் பிரதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இழைவு என்பது அந்தக் குறிப்பிட்ட சொற்கள், ஓசை, நிறுத்தம். அதை மொழிபெயர்ப்பதே கடினம். அவள் எழுதிவந்த பதினாறு பக்கத்தில் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது.

ஒன்று, ‘ம்’. கதை கேட்பவர் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கிழவி நிறுத்திவிடுகிறாள். ‘தூங்கிட்டியா?’ பதிவில் நூற்றுக்கும் மேல் ம் இருந்தது. பயமான இடத்தில் அது நீளும், அலுப்பான இடத்தில் குறையும். அலுப்புத் தெரிந்ததும் கிழவி ரெண்டு சம்பவத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள். அதாவது கதையின் நீளத்தைக் கேட்பவர்தான் தீர்மானிக்கிறார். எழுத்தில் அந்த ம் இல்லை. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை சமூக வானொலியை நினைத்துக்கொள்ளலாம். அங்கே குரல் இருக்கிறது, ஆனால் வானொலிப்பெட்டிக்கு முன்னால் கொட்டப்படும் ம் சொல்பவருக்குப் போய்ச் சேராது. தாளில் குரலும் கிடையாது. எழுதுகிறவர் ம் கொட்டும் ஒருவரைப் பிரதிக்குள்ளேயே உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. மாணவி குறுக்குக் கேள்வி கேட்கும் ஒரு பையனைக் கொண்டுவந்தாள். ‘வாய்க்கால்ல தண்ணி இருந்துச்சா?’ என்று அவன் கேட்பான். சில இடங்களில் அவன் தூங்கிப்போவான். நன்றாகவே வந்தது.

இன்னொன்று, ‘ஆம்’. ‘போனானாம், தாண்டினானாம், கேட்டானாம்.’ தமிழில் கதை சொல்பவர் ஒவ்வொரு வினைமுற்றோடும் இந்த ஒற்றை விகுதியைச் சேர்த்துக்கொண்டே போகிறார். நான் பார்த்ததில்லை, எனக்குச் சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன் என்பது அத்தனையும் அதற்குள் அடக்கம். அச்சுக்கு வரும்போது முதலில் உதிர்வது இதுதான். ‘ஒரு ஊரில் ஒரு மருமகன் இருந்தான்’ என்று பள்ளிப் பாடநூல் தொடங்கும். ‘இருந்தானாம்’ போய் ‘இருந்தான்’ வந்த நொடியில் கதைசொல்லி காணாமல் போய், எல்லாம் தெரிந்த எழுத்தாளன் வந்து உட்கார்ந்துவிடுகிறான். ஆங்கிலம் வழியாகக் கோட்பாடு படிக்கும் நாம், ஒரு விகுதிக்குள் இருக்கும் எடுத்துரைப்பியலைக் கவனிக்கத் தவறியிருக்கிறோம்.

பேச்சுமொழியில் எழுதுவது என்றாலே கி. ராஜநாராயணன் வந்து நிற்பார். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தவர். 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய் நாட்டார் கதைச் சேகரிப்பில் இறங்கியவர். 2021-இல் மறையும்வரை கதை கேட்பதையும் சொல்வதையும் விடாதவர். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. அதன் பக்கவிளைவும் பெரியது. கடற்கரைப் பிள்ளைகள்கூட இடைசெவல் கிழவர்கள் மாதிரி எழுதுகிறார்கள். என் மாணவியின் இரண்டாவது பிரதியில் பருத்திக்காடும் கம்மங்கஞ்சியும் வந்தன. அவள் வீட்டில் கஞ்சி உண்டு, கம்பு கிடையாது. அவளிடம் இருந்தவை வேறு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு காற்று, வல்லம், வலை, மடி, சம்மாட்டி, பாடு. இந்தச் சொற்களைக் கோலப்பொடி மாதிரித் தூவி அடியில் பொருள் விளக்கம் போடும் ஒரு வியாதியும் இருக்கிறது. கிழவி கதையில் காற்றின் பெயர் வருவது, வல்லம் எந்தப் பக்கம் போகும் என்று தெரிவதற்காக. வேறு காரணம் கிடையாது.

இனி அந்த அடிக்கு வரவேண்டும்.

கொழுக்கட்டைக் கதையின் சிரிப்பு ஒரு பெண்ணின் நெற்றியில் விழுந்த அடியின் மேல் நிற்கிறது. அடி இல்லாவிட்டால் வீக்கம் இல்லை; வீக்கம் இல்லாவிட்டால் சொல் திரும்பக் கிடைக்காது. மாணவி ஒருநாள் வந்து ‘இதை இப்படியே எழுத எனக்கு முடியல சார்’ என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

திருத்திவிடலாம். திருத்துவதற்கு நீண்ட மரபு இருக்கிறது. கிரிம் சகோதரர்கள் 1812 முதல் 1857 வரை ஏழு பதிப்புகளில் தங்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். முதல் பதிப்பில் வெண்பனிப் பெண்ணைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819-இல் அவள் மாற்றாந்தாயாகிறாள். ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விடச் சொன்ன தாயும் 1840-இல் மாற்றாந்தாயாகிவிட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காப்பாற்ற உலகத்து மாற்றாந்தாய்கள் தலையில் பழியைப் போட்டார்கள். மக்களின் குரலைப் பதிவுசெய்தோம் என்று முன்னுரையில் சொல்லிக்கொண்டே செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நம் சிறுவர் நூல்களிலும் இப்படித்தான். மனைவி தானாக வழுக்கி விழுந்து நெற்றியில் இடித்துக்கொள்வாள். அடித்தவன் நல்லவனாகிவிடுவான். இதைவிட மோசமான திருத்தத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. வீட்டில் அடிபட்டு வரும் பெண்கள் ஆஸ்பத்திரியில் சொல்வதும் இதேதான்: வழுக்கி விழுந்தேன்.

மாணவி மூன்று விதமாக எழுதிப் பார்த்தாள். முதலாவதில் மனைவிக்குச் சொல் முதலிலேயே தெரியும். வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறாள். புத்திசாலித்தனமான தலைகீழாக்கம். இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரோதாரி, 1972-இல் ரெஜியோ எமிலியா ஆசிரியர்களோடு நடத்திய பட்டறைகளிலிருந்து உருவாக்கி 1973-இல் வெளியிட்ட ‘கற்பனையின் இலக்கணம்’ நூலில் கதையைத் தப்பாகச் சொல்வது, தலைகீழாக்குவது, முடிந்தபின் தொடர்வது என்று பல விளையாட்டுகளைச் சொல்லித்தருவார். குழந்தைகளோடு அவை அற்புதமாக வேலை செய்கின்றன. இங்கே அது அடியை அவளே வரவழைத்துக்கொண்ட மாதிரி ஆக்கிவிட்டது. அவளே அதைக் கண்டுபிடித்துக் கிழித்துப்போட்டாள். இரண்டாவதில் மருமகனுக்குத் தண்டனை. தமிழகத்தில் கதைகளைச் சேகரித்து 2001-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தமிழ்க் கதைகளின் மையம் கல்யாணத்தைவிடக் குற்றமும் தண்டனையும்தான் என்று வாதிடுகிறார். அந்த வகையில் தண்டனை மரபுக்கு அந்நியமில்லை. ஆனால் மூடன் கதை அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே சிரிப்புதான் தண்டனை. அதற்குமேல் போனால் கதை உபதேசமாகிவிடும்.

மூன்றாவதில் நிகழ்ச்சி ஒன்றையும் அவள் மாற்றவில்லை. சொல்பவரை மாற்றினாள். கதையைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். யோசித்துப் பார்த்தால், தொலைந்த சொல்லைக் கொண்டுவருபவள் அவள்தான். அதுவும் ஒரு ஆற்றாமையில், ‘அடப்பாவி’ என்று. அவளுக்கு அந்த வீட்டுச் சத்தம் முன்பே பழக்கம். அன்றைக்கு ஏன் ஓடினாள், மற்ற நாளில் ஏன் ஓடவில்லை என்பதை அவள் சொல்லும் நாலு வரியில் கதையின் எடை முழுக்க மாறிவிடுகிறது. கடைசியில் மனைவி கொழுக்கட்டை செய்கிறாள், எல்லோரும் தின்கிறார்கள், அடுத்த வீட்டுக்கும் ஒரு தட்டு வருகிறது. ‘தின்னேன்’ என்று மட்டும் சொல்கிறாள். அங்கே ம் கொட்டும் பையன் இல்லை. வகுப்பில் படித்தபோது அத்திரிபாச்சாவுக்கு எல்லோரும் சிரித்தார்கள், அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மரபுக் கதையின் ஒரு சம்பவத்தையும் தொடாமல் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பது கவனத்துக்குரியது.

*

பெயருள்ள கதைகளுக்குப் போனால் சிக்கல் வேறு. இந்தக் கரையில் புறக்கதைகள் காலில் தட்டுப்படும். வில் ஊன்றிய இடத்தில் நல்ல தண்ணீர், மிதக்கும் கல், முதுகில் மூன்று கோட்டோடு அணில். கயிலைக்கு லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் தாமதிக்க, சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கே பூசை முடிந்துவிட, கோபத்தில் அவன் வாலால் அதைப் பிடுங்கப் பார்த்துத் தோற்ற கதை. அவன் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்று சமாதானம் செய்யப்பட்ட கதை. இதையெல்லாம் யாத்திரிகருக்குச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியவர்கள் இருக்கிறார்கள். இங்கே மறுகூறலுக்கு இடம் இருக்கிறதா என்றால், ராமகதைக்கு எத்தனையோ கூறல்கள் உண்டு என்று எழுதிய ராமானுஜனின் கட்டுரையே 2011-இல் தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கப்பட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுகூறல் என்றாலே எதிர்ப்புக்குரல் என்று நினைத்துக்கொள்வதும் அசட்டுத்தனம். அதிகாரமும் கதையைத் திரும்பச் சொல்கிறது. முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை பதிப்பித்தபோது காட்டியது இதைத்தான். பிராமணனான பட்டன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்தான் என்பதைத் தாங்கமுடியாத யாரோ, அவர்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு முன்கதையைச் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் ஒரு படைப்பெழுத்துதான். நேர்த்தியானதும்கூட.

பட்டன் இறந்ததும் அக்காளும் தங்கையும் தீயில் இறங்குகிறார்கள். இதே அமைப்பு ராமேஸ்வரம் தீவில் இரண்டு ஊர்ப் பெயராக நிற்கிறது. பாம்பனிலிருந்து போனால் முதலில் அக்காள்மடம், அப்புறம் தங்கச்சிமடம். பஸ்ஸில் கண்டக்டர் தினமும் கூவும் பெயர்கள். சேதுபதி மன்னர் ஒருவரின் (முத்துவிஜய ரகுநாத சேதுபதி என்பார்கள்) மகள்கள் இருவரையும் மணந்தவன் பாம்பன் துறையின் பொறுப்பில் இருந்தான். கடலைத் தாண்டிக் கோயிலுக்குப் போகும் யாத்திரிகரிடம் காசு வசூலித்தான். சிவத்துரோகம் என்று மன்னர் அவனுக்கு மரண தண்டனை விதித்தார். மகள்கள் இருவரும் அவனோடு உயிரை விட்டார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவை இந்த மடங்கள். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். நீதி தவறாத மன்னர், கற்புத் தவறாத மகள்கள் என்ற சட்டகம் மட்டும் மாறாது.

மாணவி கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியிருக்காத ஒன்று. ‘அந்தத் தோணிக்காரங்க எங்க சார்?’ 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக ஒரே வழி தோணி. யாத்திரிகர் காசு கொடுத்தார்கள், அதிகாரி வாங்கினான், மன்னர் தண்டித்தார், பெண்கள் செத்தார்கள். துடுப்புப் போட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் எழுதியது அவனுடைய கூற்று. இரண்டு பெண்களையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் அக்கரைக்குக் கொண்டுவருகிறான். தங்கச்சி வரும்போது அக்காளைப் பற்றி அவனுக்குத் தெரியும், சொல்லவில்லை. அவள் ‘அக்கா எந்த இடத்துல எறங்குனா?’ என்று கேட்கிறாள். ‘இன்னுங் கொஞ்சம் தள்ளி எறக்கி விடு’ என்கிறாள். இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. துறையில் காசு வாங்குவது நின்றுபோனதா என்பதற்கு மட்டும் அவன் பதில் சொல்லவில்லை.

இதைப் படித்துக் காட்டியபோது வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, ‘இது சாமியான பொம்பளைங்க கதை, இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது’ என்றான். சிலர் அவனைச் சாதிப் பெருமை பேசுகிறான் என்று அடக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அவன் சொன்னதில் ஒரு வடிவ அறிவு இருக்கிறது. ‘ஒரு ஊர்ல’ என்று தொடங்கும் கதையை யாரும் நம்ப வேண்டியதில்லை. பழமரபுக் கதை நம்பிக்கையைக் கேட்கிறது. அதற்கு ஊர் உண்டு, கல் உண்டு, வாரிசு உண்டு. கிரிம்களே 1816-இல் இவற்றுக்குத் தனித் தொகுதி போட்டார்கள். அதே சமயம் தோணிக்காரனுக்கும் வாரிசு உண்டு. அவன் பெயரை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை என்பதால் அவனுக்குக் கதையில் பங்கில்லை என்று ஆகிவிடாது. மாணவி ஒன்று செய்தாள். ஊரில் சொல்லப்படும் கதையை மேலே ‘ஆம்’ போட்டு அப்படியே எழுதினாள், தன்னுடையதைக் கீழே தனியாக வைத்தாள். அந்தப் பையன் ஒத்துக்கொண்டானா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவன் அடுத்த வாரம் அவனுடைய ஊர்க் கதை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான்.

வால்டர் பெஞ்சமின் 1936-இல் லெஸ்கோவைப் பற்றி எழுதிய கட்டுரையில், கதைசொல்லிகளில் இரண்டு ஆதி வகையைச் சொல்வார்: நிலத்தை விட்டு நகராத உழவன், தூரதேசம் போய்வரும் கடலோடி. இந்தக் கரையில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கிறது. ஆண்கள் போய் வருகிறார்கள். சில நேரம் வராமல் போகிறார்கள். கரையில் இருப்பவள் கதை சொல்கிறாள். கடலோடியும் முன்னைப்போல் தூரதேசக் கதை கொண்டுவருவதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த கதையைக் கொண்டுவருகிறான். மண்டபம் முகாமுக்கு 1983-க்குப் பிறகு அக்கரையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளிடம் என்னென்ன கதைகள் இருக்கின்றன என்று தேடுவது தனி வேலை. மாணவிக்கு அதில் ஆசை உண்டு. இன்னும் தொடங்கவில்லை.

கடைசியாக அவள் எடுத்துக்கொண்டது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊர் போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போனது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறை, ஸ்டேஷன், மாதா கோயில் எல்லாம் இடிபாடாயின. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் அங்கே கார்கள் வரிசையாக நிற்கின்றன, சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்லப்படுகிறது. அலையில் இப்போதும் ரயில் ஊதும் சத்தம் கேட்கும் என்பது வரை கதை வளர்ந்திருக்கிறது.

அம்மாச்சி அப்போது பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அங்கே இருந்தவள். கொழுக்கட்டைக் கதையை அத்தனை ‘ஆம்’ போட்டுச் சொல்பவள், இதைச் சொல்லும்போது ஒரு ‘ஆம்’கூடப் போடவில்லை. ‘தண்ணி வந்துச்சு. அம்மா கையப் புடிச்சா. கூரையில ஏறுனோம்.’ ம் கொட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை. ஆனால் மாணவி அதை எனக்கு வாயால் சொன்னபோது ‘தண்ணி வந்துச்சாம், கூரையில ஏறுனாங்களாம்’ என்றுதான் சொன்னாள். அவள் வேறெப்படிச் சொல்ல முடியும்? ஒரே தலைமுறை இடைவெளியில் சாட்சியம் கதையாகிக்கொண்டிருப்பதை அந்த விகுதியில் கேட்டேன்.

எழுதும்போது அவள் எடுத்த முடிவு இது. அம்மாச்சியின் வாக்கியங்களை ‘ஆம்’ இல்லாமல், ஒரு சொல் கூட்டாமல் எழுதினாள். தான் கேட்டு அறிந்ததை எல்லாம் ‘ஆம்’ போட்டு எழுதினாள். ரயில் சத்தத்தைச் சேர்க்கவில்லை. அம்மாச்சி அதைச் சொல்லவில்லை என்றாள். இதுவரை பதினோரு பக்கம் வந்திருக்கிறது. கூரையில் எத்தனை பேர் ஏறினார்கள், விடிந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இடத்தில் கிழவி ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்துபோகிறாளாம். நோட்டில் அந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதாமல் கிடக்கிறது. அதற்கு அடுத்த வரி, மறுநாள் மத்தியானம் யாரோ கொடுத்த கஞ்சியைப் பற்றியது.